மணிமேகலை எங்கே என்று கேட்பதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாவலா, படமா என்று வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுதான்: 'படத்தில் இன்னாரைக் காணோம், அந்தக் காட்சியைக் காணோம், ஆகவே நாவல்தான் ஒசத்தி.' காணாமல் போனவர்களைக் கணக்கெடுப்பது காவல் நிலைய வேலை. ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள் என்றால், அது கதையில் பார்த்துவந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள் என்றல்லவா கேட்க வேண்டும்?

கல்கியின் நாவலை மணிரத்னம் இரண்டு பாகமாகப் படமாக்கிய 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்வோம். மணிமேகலையைக் காணோம் என்று புலம்பாத கல்கி வாசகர் குறைவு. கந்தமாறனின் தங்கை அவள். கதாநாயகன் வந்தியத்தேவன் மேல் ஒருதலைக் காதல். கடம்பூர் மாளிகையில் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்க, பழி வந்தியத்தேவன் மேல் விழும்போது, நான்தான் கொன்றேன் என்று தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். கடைசியில் அவள் சாவோடுதான் கல்கி கதையை முடிக்கிறார். அதாவது, பட்டாபிஷேகம் முடிந்த பிறகும் கதை நகர்வதற்கு அவள்தான் காரணம். படம் மகுடத்தோடு முடிவதென்று தீர்மானமான உடனேயே அவளுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை.

வருத்தம் இருப்பது சேந்தன் அமுதன் விஷயத்தில். அவன் படத்தில் இருக்கிறான், ஆனால் அவனுடைய பிறப்பு ரகசியம் இல்லை. நாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன்தான், மகனாக வளர்ந்த மதுராந்தகன் அல்ல. பூமாலை கட்டிக்கொண்டு தேவாரம் பாடித் திரிந்தவன், அரியணையைக் கனவிலும் கேட்காதவன். அவன் தலையில் இளவரசன் அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை வைக்கும்போதுதான் 'தியாக சிகரம்' என்ற ஐந்தாம் பாகத்தின் பெயருக்கே பொருள் வருகிறது. படத்தில் மகுடம் போவது, அதற்காகச் சதி செய்து கடைசியில் மனம் மாறும் மதுராந்தகனுக்கு. கேட்காதவனுக்குக் கொடுப்பதும் கேட்டவனுக்குக் கொடுப்பதும் ஒன்றாகுமா? ஆள்மாறாட்டக் கதையை இன்றைய பார்வையாளர் நம்பமாட்டார் என்று நினைத்திருக்கலாம், அது நியாயமான பயம்தான். ஆனால் அந்த முடிச்சு செய்த வேலையைச் செய்ய வேறு எதையும் அங்கே வைக்கவில்லை. குறை சொல்வதானால் இந்த இடத்தில் சொல்லலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. திரைக்கதையில் ஒரு பக்கம், படத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது துறையில் வழங்கும் கைக்கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 பக்கம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் ஓடிய தொடரை, இரண்டு பாகமும் சேர்த்து ஐந்தரை மணி நேரத்தில் அடைத்திருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்காது என்பதுதான் இதில் சிக்கல். ஆடிப்பெருக்கன்று 74 கணவாய்களோடு (மதகுகளோடு) விரிந்து கிடக்கும் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம், கேமராவுக்கு அது சில விநாடி வேலை. 'அவளுக்கு இன்னும் கோபம் தணியவில்லை' என்ற ஒற்றை வரிக்கோ ஒரு முழுக் காட்சி வேண்டும். மனசுக்குள் நடப்பது அதிகமுள்ள நாவல் படமாகும்போது திணறுவது இதனால்தான். சரித்திர நாவல் திணறுவது வேறு காரணத்தால். வாசகரை ஒரு வாரம் காத்திருக்க வைக்க ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திடுக்கிடல் வைத்திருப்பார்கள். அத்தனையையும் ஒரே மூச்சில் திரையில் அடுக்கினால் எதுவும் திடுக்கிடலாக இருக்காது. படம் ஏரிக்கரையை விட்டுவிட்டுப் போர்க்களத்தில் தொடங்கியதில் எனக்குப் புகார் இல்லை.

இப்படிப் பார்த்தால், நம்மிடம் உள்ள தழுவல்களில் எனக்கு முதலிடம் 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' ஒரு குறுநாவல், அளவிலேயே படத்துக்குத் தோதானது. அதையும் மகேந்திரன் அப்படியே எடுக்கவில்லை. நகரத்துப் பேராசிரியர் சுந்தரவடிவேலு, படத்தில் கிராமத்துப் பெரிய மனிதர் ஆகிவிட்டார். கதை தொடங்கும்போதே இறந்துபோயிருக்கும் முதல் மனைவி, படத்தில் நம் கண்முன் நோயில் நலிகிறாள். தலைப்பையே தாங்கிய சிற்றன்னை ஓரமாகப் போய்விடுகிறாள். 'விசுவாச'த்தை அளப்பவர்கள் இந்தப் படத்துக்கு முட்டை மதிப்பெண்தான் போட வேண்டும். ஆனால் குறுநாவலின் உயிர் எங்கே இருந்தது? தாயில்லாத இரண்டு குழந்தைகள் பெரியவர்களின் உலகத்தைப் பார்க்கும் பார்வையில். அதை மட்டும் அவர் விடவில்லை. கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். ஊரே கூடி சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறது. இத்தனை நாள் நான் ஒருவன்தான் கெட்டவன், இன்று உங்களையும் அப்படி ஆக்கிவிட்டேன் என்கிற பொருளில் பேசிவிட்டு அவன் இறங்குகிறான். நம் கண் தண்ணீரில் நிற்பதில்லை, கரையில் நிற்கும் பிள்ளைகளிடம் போகிறது. இந்தக் காட்சி புத்தகத்தில் கிடையாது. இருந்தாலும் புத்தகத்துக்கு இதைவிட நெருக்கமான காட்சி படத்தில் இல்லை.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) நேர் எதிர். ஜெயகாந்தனே திரைக்கதை எழுத, பீம்சிங் இயக்கியது. படம் முழுக்கப் பேச்சு. அதைக் குறையாகச் சொல்பவர்கள், நாவலே நாயகி கங்காவின் மனவோட்டம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த மனவோட்டத்தில் பாதியை வசனம் சுமந்தது, மீதியை கங்காவாக நடித்த லட்சுமியின் முகம் சுமந்தது. தேசிய விருது சும்மா வரவில்லை. சொல்லப்போனால் இங்கே முதல் தழுவல் படம் அல்ல, நாவல். ஜெயகாந்தன் முன்பே எழுதிய 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், காரில் ஏற்றிச் சென்ற ஒருவனிடம் மகள் சீரழிந்த விஷயத்தை அம்மா வெளியே தெரியாமல் மறைத்து, மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நாவலில் மறைக்க முடியவில்லை, வீடும் தெருவும் அறிந்துவிடுகின்றன. எழுதியவரே தன் கதையில் ஒரே ஒரு இடத்தை மாற்றினார், ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுக்க வேறாகிவிட்டது. இயக்குநர் மட்டும் ஏன் மாற்றக்கூடாது?

மாற்றம் எப்போதும் இலவசம் என்று சொல்லவில்லை. பூமணியின் 'வெக்கை' கொலை செய்துவிட்ட சிறுவன் சிதம்பரத்தின் கதை. அப்பாவும் மகனும் எட்டு நாள் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர், எதைச் சமைப்பது, எங்கே படுப்பது என்பதில்தான் அந்த நாவலின் வெப்பம். 'அசுரன்' (2019) அந்தப் பாரத்தை மகனிடமிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தது. தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் பெரிய முன்கதையும் வந்தன, அரசியல் கூர்மையானது. அதற்கு ஈடாக அந்த எட்டு நாளின் பொறுமை போயிற்று. படம் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் போனது போனதுதான்.

'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) கணக்கு வேறு. கதையை விகடனில் தொடராகப் படித்தவர்கள் கோபுலுவின் ஓவியத்தில் எல்லோரையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். எழுத்தில் கேட்க முடியாதது நாதஸ்வரம் ஒன்றுதான். மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களை வாசிக்க வைத்ததில் பாதிப் படம் ஜெயித்துவிட்டது. 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களில் வந்தியத்தேவனைப் பார்த்து வளர்ந்தவர்கள் 'இவன் என் வந்தியத்தேவன் இல்லை' என்று முரண்டு பிடித்ததும் இதே ஓவியப் பழக்கத்தால்தான். அதைக் கல்கியின் எழுத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்கியும் புதுமைப்பித்தனும் நாட்டுடைமை ஆனவர்கள். யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்பதால் 'பொன்னியின் செல்வ'னுக்குச் சுருக்கப் பதிப்புகள் ஏராளம். 'நாவலில் இது இல்லவே இல்லை' என்று கடிதம் வந்தால், எழுதியவர் படித்தது ஐந்து பாகமா, ஒற்றைப் புத்தகமா என்று கேட்டு அதையும் சேர்த்து வெளியிடுங்கள். முழுப் பாடம், தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தங்கள் விமர்சகர்களும் 'நாவலைத் தழுவியது' என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், டைட்டில் கார்டில் மூலக்கதை என்று போட்டிருக்கிறதா, கரு என்றா, நன்றி என்றா என்பதைப் பார்த்து எழுதட்டும். நன்றி என்று மட்டும் போட்டவரிடம் மணிமேகலையைக் கேட்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.