பை மட்டும் வளர்ந்து கரு வளராதபோது: கையேட்டுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். "பை (கருவைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பை) இருக்கு, பிள்ளை வளரல" என்ற ஒற்றை வரியோடு ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும் பெண்களுக்காகத் தயாரித்த கையேடு அச்சாகி வந்துவிட்டது. இதில் பலருடைய உழைப்பு இருக்கிறது. யாரிடம் எதற்காகக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை எல்லோரும் அறியச் சொல்லிவிடுவதுதான் முறை.

முதலில் ஸ்கேன் டாக்டர்கள். அளவு விஷயத்தில் அவர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் பையை மூன்று திசையிலும் அளந்து, கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். அந்தச் சராசரி 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு தென்படாவிட்டால்தான் இந்தக் கர்ப்பம் வளராது என்று முடிவாகச் சொல்லலாம். கரு தெரிகிறது, ஆனால் துடிப்பு இல்லை என்றால், கருவின் நீளம் குறைந்தது 7 மி.மீ. இருக்க வேண்டும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் 2012இல் கூடிப் பேசி வகுத்த வரம்பு இது, 2013இல் வெளியானது. அதற்கு முன் 16 மி.மீ., 5 மி.மீ. என்று வைத்திருந்தார்கள். அளப்பதில் ஓரிரு மி.மீ. பிசகினாலும் நல்ல கர்ப்பத்தைக் கலைத்துவிடும் அபாயம் அதில் இருந்தது.

பை 18 அல்லது 20 மி.மீ. என்றால் பதில் ஒன்றுதான்: மறு ஸ்கேன். முதல் ஸ்கேனில் மஞ்சள்கருப் பையும் (ஆரம்பத்தில் கருவுக்கு ஊட்டம் தரும் சிறு பை) இல்லாதிருந்தால் 2 வாரம், அது தெரிந்திருந்தால் 11 நாள் கழித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் துடிப்புள்ள கரு இல்லையென்றால் முடிவு உறுதி. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் சாதாரணமாக 5ஆம் வாரத்தில் பை, ஐந்தரையில் மஞ்சள்கருப் பை, 6ஆம் வார வாக்கில் துடிப்போடு கரு தெரியும். 40 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்குத் தேதிக் கணக்கு 7 வாரம் என்று காட்டும். ஆனால் முட்டை தாமதமாக வெளிப்படுவதால் கருவின் வளர்ச்சி ஐந்தரை வாரத்துக்குள்தான் இருக்கும். ரத்தப்போக்கோ கடும் வலியோ இல்லாதபோது இரண்டு வாரம் காத்திருப்பதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. "இன்னிக்கே கழுவிடலாம்" என்ற அவசரம்தான் கெடுதல்.

பரிசோதனைக்கூட ஊழியர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆரம்ப மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறு. அதில் 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது அடிக்கடி காணப்படுவது. கரு நின்றுபோனாலும் பையைச் சுற்றியுள்ள செல்கள் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மசக்கை தொடர்கிறது, சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழுகிறது. பப்பாளி தின்றதும் ஸ்கூட்டரில் போனதும் மாடிப்படி ஏறியதும் இதற்குக் காரணமல்ல. (இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவர்கள் மாமியார்கள் சிலர். அவர்களுக்கும் நன்றி.)

மாதிரியை அனுப்பும் டப்பா பற்றிப் பரிசோதனைக்கூட ஊழியர்கள் சொன்னது, அறுவை அரங்கில் பலரும் கோட்டைவிடும் இடம். வெளியே எடுத்த திசுவை வழக்கம்போல் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் செல்கள் அந்தக் கணமே செத்துவிடும். செல்களை வளர்த்துக் குரோமோசோம் எண்ணவே முடியாது. அந்தச் சோதனை வேண்டுமென்றால் ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய சலைனில் (உப்புநீர்) தனியாக எடுத்து, தாமதமின்றி அனுப்ப வேண்டும். முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (கருவுக்குப் பதில் திராட்சைக் குலை போலத் திசு வளர்வது) என்று பார்க்கும் திசுச் சோதனைக்கு மட்டும்தான் ஃபார்மலின்.

வார்டு சிஸ்டர்களும் மருந்தாளுநர்களும் சிகிச்சைப் பகுதியை வரிவரியாகச் சரிபார்த்தார்கள். தானாக வெளியேறக் காத்திருக்கலாம், வாரக்கணக்கில் ஆகலாம். மாத்திரை என்றால் மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. விழுங்கி, ஒருநாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கைப் பிறப்புறுப்புக்குள் வைப்பது. 2018இல் வெளியான ஆய்வில் மிசோப்ரோஸ்டால் மட்டும் வைத்தவர்களில் 100க்கு 67 பேருக்கும், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 84 பேருக்கும் முதல் மறுபரிசோதனைக்குள் முழுதாக வெளியேறியிருந்தது. ஸ்கேன் பார்க்காமல், கர்ப்பம் கருக்குழாயில் இல்லை என்று உறுதிசெய்யாமல் கடையில் வாங்கிப் போடுவது உயிருக்கே உலை. மூன்றாவது, கை சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது. சுரண்டி எடுக்கும் பழைய டி அண்ட் சி-யைவிட இதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; சுரண்டினால் கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

மணிக்கு இரண்டு பெரிய பேடு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். மாத்திரை வைத்த அன்று குளிரும் காய்ச்சலும் வரும், போகும். 24 மணி நேரம் தாண்டியும் 100.4 டிகிரி நீடித்தால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை. அப்போதும் இரண்டு கோடு என்றால் மறுபடி ஸ்கேன். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமல் தடுப்பது) தேவையா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; 12 வாரத்துக்கு முன் கலைந்தால் வேண்டுமா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டல் மாறுகிறது.

கிராம சுகாதார செவிலியர்கள் நினைவுபடுத்திய ஒன்று எங்களுக்குத் தோன்றியிருக்காது. கர்ப்பப் பதிவில் கலைந்த விவரத்தை ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "செக்கப்புக்கு வாங்க" என்ற அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அடுத்த முட்டை இரண்டு வாரத்திலேயே வெளிப்படலாம் என்பதால், உடனே கர்ப்பம் வேண்டாம் என்பவர்கள் அப்போதே தடுப்பு முறையைப் பேசிவிட வேண்டும். வேண்டும் என்பவர்கள் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தொடரலாம்.

கடைசிப் பக்கத்தை எழுதித் தந்தவர்கள் தொழிற்சங்கத் தோழர்கள். மகப்பேறு நலச் சட்டம், 1961இன் 9ஆவது பிரிவு கரு கலைந்த பெண்ணுக்குச் சம்பளத்துடன் 6 வார விடுப்பு தந்துவந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020இன் 65ஆவது பிரிவும் அதையே தருகிறது. அதற்குச் சான்று வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் கருச்சிதைவு என்ற சொல்லும் தேதியும் இருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்