மேட்டூர் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மேட்டூரில் இன்று இத்தனை கனஅடி திறப்பு என்று தினமும் செய்தி வருகிறது. அந்தத் தண்ணீர் கல்லணையைத் தொட ஏறக்குறைய 3 நாள் ஆகும்; கடைமடைக்கு (வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்கு) அதற்கும் மேல். அதாவது, இன்று திறப்பது இன்றைய தேவைக்கு அல்ல.

விநாடிக்கு 10,000 கனஅடி வீதம் விட்டால் ஒரு நாளைக்கு 0.86 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). அப்படியானால் கல்லணைக்கு மேலே ஆற்றிலேயே சுமார் 2.5 டிஎம்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டெல்டாவில் மழை கொட்டிய பிறகு மேட்டூரில் குறைத்தால் இந்தத் தண்ணீர் நிற்காது. வயலுக்கு வேண்டாத நேரத்தில் வந்து, உபரி நீர் போகும் கொள்ளிடம் ஆற்றில் இறங்கும். குறைத்ததன் விளைவு கல்லணைக்கு வரும்போது மழை விட்டிருக்கும், வயல் காயத் தொடங்கியிருக்கும். வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே குறைக்க வேண்டும். கல்லணைக்கு மேலே உள்ள மாயனூர் கதவணையிலும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பி வைத்தால் வருகிற தண்ணீரை அங்கே பிடித்து வைக்க வழியில்லை.

பாதித் தண்ணீர் விட்டால் பாதிப் பாசனம் நடக்கும் என்பதும் தப்புக் கணக்கு. மணல் போய்ப் படுகை தாழ்ந்த இடங்களில், குறைந்த ஓட்டத்தில் ஆற்றின் நீர்மட்டம் வாய்க்கால் தலைப்பு மதகின் அடித்தளத்துக்குக் கீழேயே நின்றுவிடும். ஷட்டரை முழுக்கத் தூக்கினாலும் ஒரு சொட்டு ஏறாது. எனவே தட்டுப்பாட்டில் எல்லா ஆற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைவிட, காவிரிக்கு 6 நாள், வெண்ணாற்றுக்கு 6 நாள் என்று முறை வைத்து, முறை வரும் ஆற்றில் நிறைய விடுவதே சரி. அந்த முறைக்குள்ளும் தலைமடை (மேல்பகுதி) மதகுகளை அடைத்துக் கடைமடைக்கு முதலில் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு இது கசக்கும்.

சேற்றுழவுக்கு 8 அங்குலத் தண்ணீர் என்று வைத்தால், விநாடிக்கு 1 கனஅடி நாள் முழுக்க ஓடினாலும் 3 ஏக்கர்தான் நனையும். பிறகு 1 அங்குலம் நிறுத்த அதே தண்ணீர் 24 ஏக்கருக்குக் காணும். ஜூன் 12-ல் திறந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஏர் பூட்டினால் எந்த வாய்க்காலும் தாங்காது. பகுதி பகுதியாக நடவுத் தேதி சொல்லாமல் அணையை மட்டும் திறப்பதால்தான் சண்டை வருகிறது.

மேட்டூர் எண்ணோடு, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் அளவையும், ஒவ்வொரு ஆற்றின் கடைசி ரெகுலேட்டரில் (நீரொழுங்கியில்) அன்று காலை நின்ற மட்டத்தையும் நாள்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாசன வாசகர் ஒருவர்