எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமா?

கார் பட்டறை நடத்துபவர்களுக்கும் முன்கண்ணாடி மாற்றித் தருபவர்களுக்கும்,

வணக்கம். தானியங்கி அவசர பிரேக் உள்ள வண்டிக்கு முன்கண்ணாடி மாற்றினாலோ, பம்பரைக் கழற்றி மாட்டினாலோ, கேமராவையும் ரேடாரையும் காலிபிரேட் செய்யாமல் (அதாவது, அவை பார்க்கும் திசையை அளந்து சரிசெய்யாமல்) சாவியைக் கொடுக்காதீர்கள். பலர் கொடுத்துவிடுகிறார்கள்.

கேமரா இருப்பது முன்கண்ணாடியின் உட்புறம், ரியர்வியூ மிரரை ஒட்டி. ரேடார் கிரில்லிலோ பம்பருக்குள்ளோ இருக்கும். தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் ரேடார் அளக்கிறது. எதிரில் இருப்பது வண்டியா, ஆளா என்று பிரித்தறிவது கேமரா. மோத இன்னும் எத்தனை விநாடி என்று கணினி ஓயாமல் கணக்குப் போடுகிறது. அது குறைந்தால் முதலில் எச்சரிக்கை ஒலி, அடுத்து பிரேக் பேடுகள் சக்கரத்தின் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு லேசான அழுத்தம், அதற்கும் ஓட்டுநர் அசையாவிட்டால் பலத்த பிரேக். (பிரேக் அசிஸ்ட் வேறு. ஓட்டுநர் பெடலைச் சட்டென்று மிதித்தும் போதிய பலம் கொடுக்காதபோது மீதி அழுத்தத்தைச் சேர்ப்பது அது. 1996-இலேயே வந்துவிட்டது, அதற்குக் கேமரா வேண்டாம். இரண்டையும் ஒன்றென்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.)

கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 50 மீட்டர் தள்ளி 87 செ.மீ. பிசகும். பக்கத்து லேன் வண்டி நேர் எதிரில் நிற்பதாகப் பட்டு, காரணமில்லாமல் பிரேக் விழலாம். நிஜமாகவே எதிரில் நிற்பது தாமதமாகத் தென்படலாம். 50 கி.மீ. வேகத்தில் அரை விநாடித் தாமதம் என்பது 7 மீட்டர். உலர்ந்த சாலையில் முழு பிரேக்கில் வண்டி நிற்கவே சுமார் 11 மீட்டர்தான் ஆகும். இவ்வளவு சின்னப் பிசகுக்கு டேஷ்போர்டில் விளக்கு எரியாமலே போகலாம்.

காலிபிரேஷனுக்கு முன் டயர் காற்றைச் சரிபாருங்கள். டிக்கியில் உள்ள சுமையை இறக்குங்கள். வீல் அலைன்மென்ட் பாக்கியிருந்தால் முதலில் அதை முடியுங்கள், பின்சக்கரங்கள் கோணினால் வண்டியின் நேர்கோடே மாறிவிடும். சமதளத் தரையில், தயாரிப்பாளர் சொன்ன தூரத்திலும் உயரத்திலும் டார்கெட் பலகையை (அளவுக்காக முன்னால் வைக்கும் குறிப்பலகை) நிறுத்தி, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் காலிபிரேஷனை ஓட்டுங்கள். சில மாடல்களுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் வண்டியை ஓட்டித்தான் முடிக்க வேண்டும்.

ரேடாருக்கு முன்னால் பட்டி தடிமனாக அப்பினாலும், மெட்டாலிக் பெயின்ட் பூச்சு மேல் பூச்சாக ஏறினாலும் அலை மங்கும். அங்கே ஒட்டுப்போடுவதைவிடப் பம்பரை மாற்றுவதே மேல். கேமரா பார்க்கும் இடத்தில் ஸ்டிக்கரோ ஃபிலிமோ வேண்டாம்.

காலிபிரேஷன் அறிக்கையை பில்லோடு இணையுங்கள். கருவி இல்லையென்றால், “காலிபிரேஷன் செய்யப்படவில்லை” என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்னணுப் பழுதுநீக்குநர்கள் சிலர்