செல்ஃப் டெஸ்ட்லயே ஃபெயில் ஆன ஸ்விட்ச்ச "நோ ஃபால்ட்"னு திருப்பிக் குடுத்தது பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்க 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே கேமராவுக்கு கரண்ட்டும் குடுக்குற ஸ்விட்ச்) பத்தி நான் போட்ட டிக்கெட் எல்லாத்தையும் "ரிசால்வ்டு"னு நீங்களே மூடிட்டீங்க, இங்க ஒண்ணுமே ரிசால்வ் ஆகல, அதான் நேரா உங்களுக்கே எழுதுறேன்.

பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சிஸ்டம் லைட் பச்சையில மின்னிட்டு, ஸ்விட்ச் தன்னைத்தானே சோதிக்கிற செல்ஃப் டெஸ்ட் முடிஞ்சதும் ஆம்பருக்கு மாறி அப்படியே நிக்குது. கன்சோல் கேபிள் (நெட்வொர்க் இல்லாமலே ஸ்விட்ச்ச நேரா கம்ப்யூட்டர்ல இணைக்கிற கேபிள்) போட்டு 9600 ஸ்பீட்ல பார்த்தா மெமரி பாஸ், போர்ட் லூப்பேக் பாஸ், பிஓஇ கன்ட்ரோலர் டெஸ்ட் மட்டும் ஃபெயில்டு. பூட் ஆனப்புறம் செல்ஃப் டெஸ்ட் ரிசல்ட்ட காட்டுற ஷோ போஸ்ட் கமாண்ட் அடிச்சாலும் அதேதான். டேட்டா போகுது, ஆனா 13-ல இருந்து 24 வரைக்கும் ஒரு போர்ட்லயும் பவர் வரல. இந்த லாக் முழுசையும் முதல் மெயில்லயே அனுப்பிட்டேன், யாராவது திறந்து பார்த்தீங்களா?

உங்க போன் எக்ஸிகியூட்டிவ் என்ன கேட்டார் தெரியுமா, "வெப் பேஜ்ல எர்ரர் வருதா, அதோட ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க"ன்னார். பூட் ஆகும்போது ஐபியே வந்திருக்காது, வெப் பேஜ் எப்படி சார் ஓப்பன் ஆகும், அதுக்குத்தானே கன்சோல் போர்ட்னு ஒண்ணு வச்சிருக்கீங்க! இத சொன்னதுக்கு "நெட்வொர்க் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா போனை குடுங்க"ன்னு சொல்லிட்டார். இத்தனை வருஷமா இதே வேலை பாக்குறவன்கிட்ட பேசுற பேச்சா இது? அவர் சொன்னாருன்னு ஃபர்ம்வேர் ஏத்தியாச்சு, ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணியாச்சு, விலான் (நெட்வொர்க்க பிரிச்சு வைக்கிற செட்டிங்) எல்லாம் போய் நைட்டு பூரா உக்காந்து திரும்ப போட்டேன், கன்ட்ரோலர் டெஸ்ட் அப்பவும் ஃபெயில்டுதான்.

அப்புறம் திருப்பூர்ல இருந்து கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு மழையில பஸ்ல தூக்கிட்டு போனேன். அங்க இருந்தவர் முதல் போர்ட்ல லேப்டாப்ப சொருகி பிங் அடிச்சார், வந்துச்சு, "நோ ஃபால்ட் ஃபவுண்ட்"னு ஸ்டிக்கர் ஒட்டிட்டார், அதையும் சீரியல் நம்பர் மேலயே ஒட்டிட்டார். லேப்டாப்புக்கு எதுக்கு சார் பிஓஇ? கேமராவ சொருகிப் பாருங்கன்னு கெஞ்சினேன், "எங்ககிட்ட கேமரா இல்ல"ன்னார். கன்சோல் கேபிளும் இல்லையாம், நான் கொண்டு போனதையும் வாங்கி சொருகல.

ஆம்பர் லைட்ட காட்டினப்போ "அது அப்படித்தான் எரியும்"னார் பாருங்க, அத மட்டும் என்னால இன்னைக்கும் மறக்க முடியல.

இங்க குடோன் கேமரா எல்லாம் செத்துக் கிடக்கு. பையர் ஆடிட் வரப்போகுது, ஃபுட்டேஜ் இல்லன்னா ஆர்டரே போயிடும், அந்த நஷ்டம் லட்சக்கணக்குல வரும், உங்களால குடுக்க முடியுமா? முதலாளி என்னத்தான் திட்டுறார்.

உங்க ஸ்விட்ச் நல்ல ஸ்விட்ச்தான் சார், பழைய ஆபீஸ்ல வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கு, அதனாலதான் இதையும் வாங்கச் சொன்னேன். வாரண்டில இருக்கு, தயவுசெஞ்சு வேற யூனிட் குடுங்க. குடுக்குறதுக்கு முன்னாடி கன்சோல்ல செல்ஃப் டெஸ்ட் ஓட்டி அந்த லாக்கையும் சேர்த்து அனுப்புங்க. இந்த வாரத்துக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல கம்ப்ளைன்ட் போட்டுட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம். பில், லாக், அந்த ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
சிஸ்டம் அட்மின், பனியன் எக்ஸ்போர்ட் யூனிட், திருப்பூர்