ஒரே முகவரிக்கு இரண்டு விடைகள்: கெர்னல் நினைவகத் தேடல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இயங்குதளங்களின் நினைவக மேலாண்மை பற்றி வெளிவந்த கட்டுரையில், ஒரு முகவரியைக் கொடுத்தால் அது எந்த நினைவகப் பகுதியைச் சேர்ந்தது என்பதை இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. கெர்னல் நிரல்களில் வழு (பிழை) தேடுவதைத் தொழிலாகக் கொண்ட என்னால் அந்த வரியை ஏற்க இயலவில்லை. கெர்னலின் எந்தச் செயற்கூற்றிடம் (ஃபங்ஷன்) கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

லினக்ஸ் கெர்னலையே பார்ப்போம். ஒரு நிரலுக்கு 4096 முதல் 8192 வரை ஒரு பகுதியும், 20480 முதல் 24576 வரை இன்னொரு பகுதியும் ஒதுக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. இடையிலுள்ள 12288 எந்தப் பகுதிக்கும் உரியதன்று. ஆயினும் அதை ‘ஃபைண்ட் விஎம்ஏ’ (விஎம்ஏ என்பது இத்தகைய நினைவகப் பகுதி) என்ற செயற்கூற்றிடம் கொடுத்தால், கேட்ட முகவரிக்கு மேல் முடிகிற முதல் பகுதியைத் தேடித் தருவதே அதன் வேலை என்பதால், இரண்டாம் பகுதியை எடுத்து நீட்டும். ‘விஎம்ஏ லுக்கப்’ என்ற இன்னொரு செயற்கூறு அதே கேள்விக்கு வெறுங்கையுடன் திரும்பும். தத்தம் வரையறைப்படி இரண்டும் சரியே. முன்னதை அழைப்பவர், கிடைத்த பகுதியின் தொடக்க முகவரியையும் தாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுவார்கள் (நானும் மறந்திருக்கிறேன்). பின்னது 2021இல்தான் கெர்னலில் சேர்ந்தது.

முன்னதன் தளர்வான வரையறையைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நிரலின் தற்காலிகத் தரவுகளை வைக்கும் அடுக்கு நினைவகம் (ஸ்டேக்) கீழ்நோக்கி வளர்வதாகையால், அதன் தொடக்கத்துக்குச் சற்றுக் கீழே உள்ள முகவரியை நிரல் தொடும்போது, மேலே இருக்கும் பகுதி எது என்று தெரிந்தால்தான் அதை விரிவாக்கலாமா என்று கெர்னல் முடிவு செய்ய முடியும். குறை இருப்பது பெயரில்தான் என்பேன். ‘ஃபைண்ட்’, அதாவது ‘கண்டுபிடி’, என்ற பெயரைப் படிப்பவர், கண்டுபிடித்தது கேட்ட பொருளைத்தான் என்று எண்ணிக்கொள்கிறார்.

எல்லைகளிலும் இதே தொல்லை உண்டு. ஒரு பகுதியின் முடிவு முகவரி அப்பகுதிக்குள் சேராது. அதாவது 8191 உள்ளே, 8192 வெளியே. ஆனால் 6.1ஆம் பதிப்பு முதல் இப்பகுதிகளின் விவரங்களைச் சேமித்துவைக்கும் மேப்பிள் மரம் என்ற தரவுக் கட்டமைப்பு தன் கடைசி எண்ணையும் உள்ளடக்கியே கணக்கிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றைக் கழிக்கத் தவறினால், அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் பகுதிகளில் மட்டும் தவறு தலைகாட்டும்.

இத்தகைய வழு ஒருநாள் தோன்றி மறுநாள் மறைவதற்கு, ஒவ்வோர் ஓட்டத்திலும் முகவரி அமைப்பைக் கலைத்துப் போடும் பாதுகாப்பு ஏற்பாடு ஒரு காரணம். ஒருமுறை, ஓர் இயக்கியில் (வன்பொருளை இயக்கும் நிரலில்) நேர்ந்த இத்தகைய பிழைக்கு நினைவகச் சில்லையே குற்றம் சாட்டி நாள்களை வீணடித்தேன். முகவரிக் கலைப்பை நிறுத்திவைத்து, இடைவெளியிலுள்ள ஒரு முகவரியை வேண்டுமென்றே கொடுத்த பிறகே அது ஒவ்வொரு முறையும் பிடிபட்டது. மேப்பிள் மரத்தின் மீதே ஐயம் எழுமானால், எல்லாப் பகுதிகளையும் வரிசையாக நடந்து பார்த்துக் கிடைக்கும் விடையைத் தேடலின் விடையோடு ஒப்பிடுவது மெதுவான வழி, ஆனால் நம்பத்தக்கது. மாறாக, வழியெங்கும் அச்சிடும் கட்டளைகளைச் செருகினால் நேரக்கணக்கு மாறி வழு ஒளிந்துகொள்ளக்கூடும்.

தேடல் என்ற பெயரில் மாற்றமும் நடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2023இல் வெளிப்பட்ட ‘ஸ்டேக்ராட்’ என்ற லினக்ஸ் பாதுகாப்புக் குறைபாட்டில், பலரும் ஒரே நேரத்தில் வாசிக்க இடம்தரும் வாசிப்புப் பூட்டு மட்டும் இட்ட நிலையில் அடுக்கு விரிவாக்கப்பட்டது. மேப்பிள் மரத்துக்கு முன் பயன்பட்ட சிவப்பு-கருப்பு மரத்தில் தீங்கின்றி நடந்துவந்த அந்த வழக்கம், பழைய கணுக்களை விடுவித்துப் புதியவற்றை இடும் மேப்பிள் மரத்தில், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பிறர் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுபோனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முன்னின்று செய்த திருத்தத்துக்குப் பின், அடுக்கை விரிவாக்க, பிறரை விலக்கிவைக்கும் எழுதும் பூட்டு கட்டாயமாயிற்று.

அக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமாயின், இந்த வேறுபாட்டுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இயங்குதள நிரலாளர் ஒருவர்