முதலில் தண்ணீரைப் பார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை இரண்டு முறை படித்தேன். எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த பெண்! என் வாழ்த்தை அவளிடம் சொல்.

அம்மாவின் வீட்டை விற்காமல் வாடகைக்கு விடப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. ஆனால் நீ போட்டிருக்கும் வேலைப் பட்டியல்தான் என்னை யோசிக்க வைத்தது. சமையலறைக்குப் புது அலமாரிகள், கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங், பளபளப்பான டைல்ஸ், வாசலுக்கு அலங்கார விளக்கு. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். பாத்ரூம் சுவரில் ஓதம் இருப்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். குடியிருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே வரும் சண்டைகளில் பல தண்ணீரில்தான் தொடங்குகின்றன. கசிவு, ஒழுகல், அடைப்பு, நாற்றம். இவை இல்லாத வீட்டில் அலமாரி பழையதாக இருந்தாலும் ஆட்கள் வருடக்கணக்கில் இருப்பார்கள்.

ஓதத்தைப் பார்த்ததும் அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்லும் ஆள் வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடு. ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில மாதங்களில் பெயின்டைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தரையிலிருந்து மேலேறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். குழாய்க் கசிவு என்றால் ஒரே இடத்தில் திட்டாகப் பரவும். காற்றோட்டம் இல்லாத அறையில் நீராவி சுவரில் படிவது மூன்றாவது வகை. சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பார். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. அதற்குச் சுவரை உடைக்க வேண்டாம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். குழாயைச் சோதிக்க இன்னொரு எளிய வழி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனிப்பது. முள் நகர்ந்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

பாத்ரூமைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவசரப்படாதே. டைல்ஸ் நீரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பது அதற்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சுதான். தரையும் சுவரும் சேரும் மூலைகளிலும், குழாய் வெளிவரும் துளைகளைச் சுற்றியும், குளிக்கிற இடத்தில் சுவரில் தலை உயரம் வரையும் அது போக வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விடச் சொல். கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரியவில்லை என்றால்தான் டைல்ஸ். கொத்தனார் "அதெல்லாம் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். விட்டுக்கொடுக்காதே. தரை வடிகாலை நோக்கிச் சரியும் நீர் வாட்டம் ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். குழாய்களைச் சுவருக்குள் மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டு, பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள். பின்னால் யாராவது ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள் உன்னைக் காப்பாற்றும்.

வீடு பூட்டியே கிடந்ததால் ஒரு நாற்றம் அடிப்பதாகச் சொன்னாயே, அதற்குப் பெரிய செலவு ஆகாமல் போகலாம். ஒவ்வொரு வடிகாலின் வளைவிலும் கொஞ்சம் தண்ணீர் நின்று கழிவுக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும். புழக்கம் இல்லாத வீட்டில் அது வற்றிவிடும். எல்லா வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார். வீடு பார்க்க ஆள் வருவதற்கு முதல் நாளும் இதைச் செய்துவிடு.

அடுத்தது மின்சாரம். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். எம்சிபி, அதாவது மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச், இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அதோடு விடாதே. அது வயரைக் காப்பாற்றுவதற்கு. ஆளைக் காப்பாற்ற, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை உன் கண் முன்னால் அழுத்திக் காட்டச் சொல். கேஸ் கீசர் இருந்தால் அடைத்த பாத்ரூமுக்குள் வைக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்புறம், அந்த வீடு பழையது, அடிப்பக்கப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வறண்ட நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதே, அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு.

இவையெல்லாம் முடிந்து மீதி இருக்கும் பணத்தில் அழகைப் பார்க்கலாம். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், மேலே கசிந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே போகும். எல்லா அறைக்கும் ஒரே வெளிர்நிறம், துடைக்கக்கூடிய எமல்ஷன். நிறத்தின் எண்ணை எழுதி வை. டைல்ஸில் ஒரு பெட்டியை மிச்சம் பிடித்து வை, அடுத்த ஆண்டு அதே டைல்ஸ் கிடைக்காமல் போகலாம். புதுச் சிமென்ட் பூச்சு நான்கு வாரமாவது காயட்டும், அதற்கு முன் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும்.

அலமாரிகளை இப்படிக் கணக்குப் போட்டுப் பார். ஒரு வேலைக்குப் பத்து மாத வாடகை செலவாகிறது, அதனால் வாடகை பத்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று வைத்துக்கொள். போட்ட பணம் திரும்பி வர 100 மாதம் ஆகும், எட்டு ஆண்டுக்கு மேல். அதற்குள் அலமாரியே தேய்ந்திருக்கும். கதவும் கீலும் மாற்றி, மேல்பலகையை மட்டும் புதிதாகப் போட்டால் போதுமே?

வாடகையைச் சொல்லும்போதும் கணக்கு வேண்டும். ஐந்து சதவீதம் கூடுதலாகக் கேட்டு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால், இழந்ததை ஈடுகட்ட 20 மாதம் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் என்ன போகிறதோ அதைவிட ஒரு படி குறைத்தே சொல். பார்க்க வருபவர்கள் கூடுவார்கள், தேர்ந்தெடுக்க உனக்கு இடம் இருக்கும்.

வருபவரைப் பற்றி விசாரிக்க இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதே, அவரை அனுப்பினால் போதும் என்று நினைப்பவர் நல்லபடியாகத்தான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் கேள். வாடகை கட்ட வருமானம் இருக்கிறதா, வீட்டைப் பார்த்துக்கொள்வாரா, இவ்வளவுதான் நமக்குத் தெரிய வேண்டியது. பிறப்பையும் மத நம்பிக்கையையும் துருவுவது அநியாயம். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை, ஆனால் தரகர்கள் உன் பெயரில் செய்வார்கள். முதலிலேயே கூடாது என்று சொல்லிவிடு.

சாவி கொடுக்கும் நாளில் இருவருமாக அறை அறையாகப் படம் எடுங்கள். மீட்டர் எண்கள், சாவிகளின் எண்ணிக்கை, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணத்தைத் தனிக் கணக்கில் வை, அது உன் பணம் இல்லை. புழக்கத்தில் நிறம் மங்கினால் அதற்காக அதில் பிடிக்கக் கூடாது. பழுது என்று சொன்னால் அன்றே பதில் சொல், ஆள் வர இரண்டு நாள் ஆனாலும் சரி. சொட்டும் குழாயைப் பற்றித் தயங்காமல் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும், தயங்கினால் நஷ்டம் உன் சுவருக்கு. சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டாதே. அம்மாவின் வீடு என்பதால் இது உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் சாவி கைமாறிய பிறகு அது அவர்கள் வீடு.

ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பழுதுக்கென்று ஒதுக்கிவிடு. வீட்டுக் காப்பீடு இருந்தால் வாடகைக்கு விடுவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவி, தெரிவிக்காவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். வரிக்குக் காட்ட ரசீதுகளையெல்லாம் ஒரே உறையில் போட்டு வை.

என் பக்கம் பெரிய செய்தி இல்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் மறுபடி நடக்கிறேன். கீழ்வீட்டில் குடியிருக்கும் தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வீடே கலகலவென்று இருக்கிறது.

மூன்று பேரிடமாவது மதிப்பீடு வாங்கு. வேலை வாரியாக, பொருள் தனி, கூலி தனி என்று எழுதித் தரச் சொல். வந்ததும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து எழுதுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிடாதே, கடைசித் தவணை அந்த 24 மணி நேரச் சோதனைக்குப் பிறகுதான்.

அன்புடன்,
உன் தோழி