இனி பத்து மணிக்குப் பிறகும் உட்காரலாம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடையில் நாற்காலிகள் மாறியிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், அதனால் காரணத்தை எழுதிவிடுகிறோம்.

காலையில் நம்மிடம் பசியாற வரும் பெரியவர்கள் சிலரைக் கொஞ்ச நாளாகக் காணோம். பெரிய சாலை ஓரத்துத் துரித உணவுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் சீவிய ஒரு பாட்டியிடம், எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லையா என்று நேராகவே கேட்டோம். "சாப்பாட்டுக்கா போறேன்? அங்கே குளுகுளுன்னு இருக்கு, சாய்ஞ்சு உட்காரலாம், யாரும் எழுந்திருன்னு சொல்றதில்ல. நீங்க பத்து மணிக்கே மேசையைத் துடைக்க வந்திடுறீங்களே" என்றார். உண்மைதான். மதியச் சாப்பாட்டுக்கு இடம் வேண்டுமே என்று துணியோடு பக்கத்தில் போய் நின்றிருக்கிறோம், அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். தோட்டத்தில் இருந்தவரை லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்கு நாலு பேர் வருவார்கள். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), பிள்ளைகள் ஈப்போவுக்கு வேலைக்குப் போனபின் பூட்டிய கேட்டுக்குள் அவர்கள் மட்டும்தான்.

அங்கே போகக்கூடாது என்று சொல்லவில்லை. கேஎஃப்சி 1973-இல் கோலாலம்பூரில் மலேசியாவின் முதல் கடையைத் திறந்தபோது இளவட்டமாக இருந்தவர்கள்தானே இன்றைய தாத்தா பாட்டிகள். ஆனால் தினமும் பொரித்த கோழி, சாஸ், கூடவே கோலா என்றால் கவலையாக இருக்கிறது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது.

சரி, எங்கள் குழம்பிலும் உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. அதைக் குறைத்துவிட்டோம், வேண்டியவர்கள் மேசையில் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து எழுந்திருக்க முழங்கால் வலிக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான், கை ஊன்றி எழ வசதியாகக் கைப்பிடி நாற்காலி வாங்கினோம். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் இரண்டு மேசைகள் காலை 10 முதல் 12 வரை பெரியவர்களுக்குத்தான், ஒரு தே ஓ கோசோங் (சர்க்கரையும் பாலும் இல்லாத தேநீர்) மட்டும் குடித்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம். பல் இல்லாதவர்களுக்கு இடியாப்பமும் குழைந்த பருப்பும் அந்த நேரத்திலும் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேலைக்குப் போகும் வழியில் அப்பாவையோ அம்மாவையோ இங்கே இறக்கிவிட்டால், வீடு திரும்ப வண்டி பிடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு, கல்லாவில் உங்கள் கைப்பேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
கடைக் குடும்பத்தார்
சுங்கை சிப்புட்